களிமண் அம்மையார் கொடுத்த சான்றிதழ்

செவி கொடுத்தல் ஓர் அறம். பொன் கொடுப்பவர்க்குப் பெட்டி குறையும். சோறு கொடுப்பவர்க்குப் பானை குறையும். செவி கொடுப்பவர்க்குக் குறைவது தம் பேச்சு ஒன்றே. ஆயினும் இவ்வறத்தைச் செய்வார் அரியர். தம் பேச்சைக் குறைத்துக்கொள்வதைக் காட்டிலும் பொன்னைக் குறைத்துக்கொள்வது மாந்தர்க்கு எளிதாயிருக்கிறது போலும். இவ்வறத்தில் தமக்கு நிகர் தாமே என்று பெயர் பெற்ற அம்மையார் ஒருவர் இருந்தார். அப்பெயரை அவர்க்குச் சூட்டியவர்களுள் முதல்வரும் அவரே.

உற்றாரை இழந்த குழந்தைகளையும் அவர்தம் குடும்பத்தாரையும் ஓவியத்தாலும் களிமண்ணாலும் துணிப்பொம்மைகளாலும் தேற்றுவது அவர் தொழில். 'கலைவழி ஆற்றுப்படுத்துநர்' என்று நிலையத்தின் பெயர்ப்பலகை அவரைக் குறித்தது. வாயில் நுழையாத அப்பெயரை வாசலிலேயே விட்டுவிட்டுக் குழந்தைகள் அவரைக் 'களிமண் மேடம்' என்றார்கள். அது அவர் தலையில் இருப்பதைக் குறித்ததன்று. மேசையில் இருப்பதையே குறித்தது. அவ்வேறுபாடு விளங்காத பெற்றோர் பிள்ளைகளை அதட்டியதுண்டு. அம்மையார் பெருந்தன்மையோடு சிரித்து, "கூப்பிடட்டும், கூப்பிடட்டும்" என்பார். பிறகு அப்பெருந்தன்மையைத் தம் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி வைப்பார்.

முன்னாளில் அவர் ஒரு பள்ளியில் கைவேலை ஆசிரியை. தங்கையைப் பறிகொடுத்த மாணவி ஒருத்தி ஒருநாள் வகுப்பில் களிமண்ணைப் பிசைந்து பிசைந்து ஒரு மணி நேரம் அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஆசிரியை அவளருகே சும்மா உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போ பரவால்ல மிஸ்" என்று எழுந்து போனாள். அன்று அவர் செய்த நன்மை, ஒன்றும் செய்யாதிருந்ததே. அதை முறையாகக் கற்க வேண்டுமென்று மூன்றாண்டு படித்துப் பட்டம் வாங்கினார். பட்டம் கைக்கு வந்தபோது சும்மா உட்கார்ந்திருப்பது மறந்துபோயிருந்தது.

நிலையம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. முதல் மாடியில் பல் மருத்துவமனை. கீழே பல்லுக்காக அழுதார்கள். மேலே தாய்க்காகவும் தந்தைக்காகவும் உடன்பிறந்தார்க்காகவும் அழ வேண்டியவர்கள் வந்தார்கள். கீழே அழுதவர் குரலே ஓங்கியிருந்தது. மேலே வந்தவர்கள் பெரும்பாலும் அழுவதில்லை. அதற்காகத்தான் அவர்களைக் கூட்டிவந்தார்கள். பல்லைத் துளைக்கும் கருவியின் ஓசை தரையைத் துளைத்துக்கொண்டு மேலேறும். புதிதாக வரும் குழந்தைகள் தங்களுக்கும் அது நடக்கப்போகிறது என்று எண்ணி வாயை இறுக மூடிக்கொள்வார்கள். அதை அம்மையார் 'தொடக்கநிலை மௌனம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

அறையில் உயரம் குறைந்த ஒரு மேசை. ஈரச்சாக்கு போர்த்திய களிமண் வாளி. தூரிகைகள் நிற்கும் தகரக் குவளைகள். ஒற்றைக் கண்ணோடு ஒரு துணிக்கரடி. சுவரில் பெரிய எழுத்தில் மூன்று விதிகள். இங்கே அழலாம் என்பது முதல் விதி. இங்கே சிரிக்கலாம் என்பது இரண்டாவது. படத்தைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது மூன்றாவது. முன்னிரண்டும் எங்கும் உள்ளவை. மூன்றாவது அம்மையாரின் சொந்தக் கண்டுபிடிப்பு. 'இது என்ன, அது யார்' என்று பெரியவர்கள் துருவினால் குழந்தையின் மனம் கதவடைத்துக்கொள்ளும். ஆகவே கேளாதிருக்க வேண்டும். படத்தைப் பார்த்தே அறிய வேண்டும். இதை விளக்கிப் 'படம் பேசட்டும்' என்று பதினாறு பக்கத்தில் ஒரு சிறுநூலும் எழுதி, வருவோர் கையில் எல்லாம் திணித்துக்கொண்டிருந்தார்.

நிலையத் தலைவர்க்குப் படத்திலும் நம்பிக்கையில்லை, களிமண்ணிலும் நம்பிக்கையில்லை. அவர் நம்பியது ஒரு படிவத்தை. அதில் அழுமுகம் முதல் சிரிமுகம் வரை ஐந்து முகங்கள் அச்சிட்டிருந்தன. வரும்போது ஒன்றுக்கு வட்டமிட வேண்டும். போகும்போது ஒன்றுக்கு வட்டமிட வேண்டும். வட்டம் இடமிருந்து வலம் நகர்ந்தால் துயரம் நீங்கியது என்று பொருள்.

இத்தகைய திருக்கோயிலுக்கு ஒரு வியாழக்கிழமை மூவர் வந்தார்கள். ஒன்பது வயதுச் சிறுமி, காதில் பட்டைப் பென்சில் செருகிய தச்சராகிய அவள் தந்தை, தந்தையின் அக்காள். சிறுமியின் தாய் காய்ச்சல் என்று படுத்து ஒன்பதாம் நாள் கண்மூடி அப்போது மூன்று மாதம். இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கி, அவ்வீட்டை அன்று முதல் தாங்கிவந்தவர் அந்த அத்தையே. அறிமுகத்தையும் அவரே தாங்கினார்.

"மேடம், இவளை வீட்டுல ரேடியோன்னு கூப்பிடுவோம். முன்னாடி எப்படிப் பேசுவா தெரியுமா? தூக்கத்துலயும் பேசுவா, ஒரு நாளும் ஆஃப் ஆகாது. இப்போ மூணு மாசமா ஸ்டேஷனே எடுக்கல. 'ம்', 'ம்ஹும்' அவ்வளவுதான். இதோ நிக்கிறானே, என் தம்பி. இவன் பொறந்ததுல இருந்தே இப்படித்தான். இவனை விடுங்க."

விடுங்கள் என்றதும் அம்மையார் விட்டுவிட்டார். தச்சர் தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்து 'படம் பேசட்டும்' என்னும் நூலை விரித்தார். அட்டை ஒட்டியிருந்த விதம் கோணலாயிருந்தது. கட்டைவிரலால் அதை நீவி நேராக்கினார்.

அறைக்குள் ரேடியோ களிமண்ணை எடுத்து உருண்டை பிடித்தாள். இரண்டாம் வாரமும் உருண்டை. மூன்றாம் வாரமும் உருண்டை. எல்லாம் ஒரே அளவு; எதற்கும் மூக்கில்லை, கண்ணில்லை. மனம் தளர்ந்திருக்க வேண்டிய அம்மையார் தளரவில்லை. ஏனெனில் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த நினைவு நோட்டு வேறு கதை சொன்னது. வாரம் ஒரு தலைப்பு கொடுத்து வீட்டில் ஒரு படம் வரைந்துவரச் செய்வது அவர் முறை. 'வலிக்கிற மூலை', 'காணாமல் போன சத்தம்', 'இன்னும் அங்கேயே இருக்கிற பொருள்' என்று தலைப்புகள் நெஞ்சைப் பிசையும்.

முதல் வாரத்துப் படத்தைக் கண்டபோதே அம்மையார் குறிப்பேட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தார். சாத்திய கதவு, கதவின் ஆணியில் ஒரு பெண்ணின் தோள்பை, பையின் வாய் சற்றே திறந்திருக்க, உள்ளே இருட்டு. அடுத்த வாரம் இரண்டு தம்ளர்கள், ஒன்று கவிழ்ந்தது. அதற்கடுத்து, துணிகள் குவிந்து யாரும் உட்கார முடியாமற்போன ஒரு நாற்காலி. எல்லாம் கறுப்புப் பென்சில். ஒன்பதாம் படத்தில் சன்னலோரம் கொஞ்சம் மஞ்சள் எட்டிப் பார்த்தது. பன்னிரண்டாம் படத்தில் நீல உடையில் ஒருத்தி முதுகு காட்டி நடந்துகொண்டே பாதி முகத்தைத் திருப்பியிருந்தாள். மீதிப் பாதியும் திரும்பிவிடுமோ என்று பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

துயரத்தின் நடையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய கை அவர் கண்டதில்லை. விதிப்படி அவர் ஒன்றும் கேட்கவில்லை, அறிக்கை எழுதினார். 'கோடுகள் பட்டையாய் இருப்பது அடக்கிய சினத்தின் அழுத்தம்' என்று எழுதினார். அந்தப் பட்டைப் பென்சில் வாரந்தோறும் தாழ்வாரத்தில் ஒருவர் காதில் செருகியிருந்தது. உருண்டைகளுக்கும் பொருள் கண்டார்: குழந்தை தன் உணர்வையெல்லாம் வீட்டுப்பாடத்துக்காகச் சேமித்துவைக்கிறாளாம்.

அம்மையாரின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஒரு காலை தேநீர் வேளையில் மேசைமேல் கிடந்த ஏழாம் படத்தை எடுத்துப் பார்த்தார். அலமாரியின் உச்சி, அதன்மேல் தூசி படிந்த ஒரு கைப்பெட்டி, தூசியில் புதைந்த ஒரு ஹேர்பின்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு எவ்ளோ உயரம் இருப்பா?"

"மேசைக்கு மேல தலை தெரியும். எதுக்குக் கேக்கறீங்க?"

"அலமாரி மேல கிடக்கிற ஹேர்பின் அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? எனக்கே எக்கிப் பாத்தாதான் தெரியும்."

"அது மனசோட உயரம். உங்களுக்குப் புரியாது. நீங்க போய் பவரைப் பாருங்க."

"சரி தாயே" என்று அவர் தேநீரை முடித்தார். அம்மையார் உடனே அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்: 'துயரத்தைக் கடந்து உயரத்தில் நின்று நோக்கும் ஆன்மா.' துயரம், உயரம் என்னும் இயைபு அவர் நாவில் இனித்தது. ஓசை இனித்தால் பொருளும் மெய்யாய்த்தானிருக்கும் என்று நம்புவார்க்கு எக்காலத்தும் பஞ்சமில்லை.

அறிக்கை நிலையத் தலைவரிடம் போயிற்று. அவர் படங்களைப் புரட்டிவிட்டு, முகப் படிவத்தில் வட்டம் இரண்டாம் முகத்திலிருந்து நான்காம் முகத்துக்கு நகர்ந்திருப்பதைக் கண்டு உருகினார். பல ஊர் ஆற்றுப்படுத்துநர்கள் கூடும் கருத்தரங்கு ஒன்று சனிக்கிழமை நடக்கவிருந்தது. 'பன்னிரண்டு படங்களில் ஒரு துயரம்' என்ற தலைப்பில் அம்மையார் பேசுவது என்று முடிவாயிற்று. அவர் புது உடையொன்று தைக்கக் கொடுத்தார். களிமண் நிறத்தில்தான், எளிமை தெரிய வேண்டுமல்லவா?

அந்தச் செவ்வாய்க்கிழமை அத்தை தனியே வந்தார்.

"மேடம், ஹாஸ்டலோட சேர்ந்த ஒரு ஸ்கூல்ல இவளுக்கு இடம் கிடைச்சிருக்கு. அம்மா இல்லாத பிள்ளைன்னதும், மனசு தேறிட்டான்னு ஒரு பேப்பர் கேக்கறாங்க. நீங்க குடுத்தா போதும்."

"அப்பா என்ன சொல்றார்?"

"அவன் என்னைக்கு என்ன சொன்னான்? எனக்கும் ஒரு வீடு இருக்கு மேடம். ஆறு மாசமா எங்க வீட்டுக்காரர் முட்டையைத் தவிர வேற எதையும் பாக்கல. இன்னும் கொஞ்ச நாள் போனா கொக்கரிச்சிடுவார். இவனுக்குப் பிள்ளைக்குத் தலை பின்னத் தெரியுமா, துணி எடுத்து வெக்கத் தெரியுமா? அவ தேறிட்டாளா இல்லையா, அதைச் சொல்லுங்க."

தேறவில்லை என்றால் பன்னிரண்டாம் படம் பொய்யாகும். சனிக்கிழமை சப்பென்று போகும். அம்மையார் சான்றிதழை எழுதினார். 'முழுமையாக' என்ற சொல்லை அத்தை கேட்கவில்லை. அம்மையார் தாமாகச் சேர்த்தார். திங்கட்கிழமை பயணம் என்று சொல்லி அத்தை படியிறங்கினார்.

வியாழக்கிழமை ரேடியோவுக்குக் கடைசி அமர்வு. அவள் வழக்கம்போல் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இங்க வர வேண்டாம்மா. நீ தேறிட்டே. உன் படம் எல்லாம் அதைத்தான் சொல்லுது" என்றார் அம்மையார்.

சிறுமி நிமிர்ந்தாள். "என் படமா?"

"ஆமாம். பன்னிரண்டும்."

"அது நான் வரையலையே. அப்பா வரைஞ்சது."

கீழே பல் துளைக்கும் கருவி அந்நேரம் பார்த்து நின்றது.

"எல்லாமா?"

"முதல் படம் நான் பாதி வரைஞ்சேன். கதவு கோணலா வந்துச்சு. 'இப்படி இருந்தா கதவு சாத்தாது கண்ணு'ன்னு அப்பா அழிச்சிட்டு அவரே வரைஞ்சாரு. அப்புறம் எல்லாமே அவருதான்."

உலகில் எத்தனையோ தந்தையர் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைச் செய்துகொடுத்திருப்பார்கள், மதிப்பெண்ணுக்காக. கோணல் கதவைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மாயிருக்க முடியாமல் செய்தவர் இத்தச்சர் ஒருவராகவே இருக்க வேண்டும்.

"இவ்ளோ நாளா ஏன்மா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே." களிமண் அப்பிய விரல் சுவரை நோக்கி எழுந்தது. "கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க."

அம்மையார் தம் சுவரைத் தாமே படித்தார். சிறுமிக்கோ நா எழுந்துவிட்டது. ஆறு மாதத்துப் பேச்சு மடை உடைந்து வந்தது.

"அப்பா சும்மா இருந்தா பேசவே மாட்டாரு மேடம். வரையும்போது மட்டும் பேசுவாரு. அந்த ஹேர்பின்னைக் காணோம்னு அம்மா என்னைத் திட்டினாங்க இல்ல, அது அலமாரி மேல இருந்ததுன்னு இப்பதான் கண்டுபிடிச்சோம். அம்மா பேரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. வீட்டுல அம்மா பேரு சொன்னா அத்தைக்குப் பிடிக்காது, நான் ஏங்கிடுவேனாம். அதனால அவங்க குளிக்கப் போனதும் வரைவோம். அத்தை ஒரு மணி நேரம் குளிப்பாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு குரல் தணிந்தது. "நான் ஹாஸ்டல் போயிட்டா அப்பாவுக்கு யாரு ஹோம்வொர்க் குடுப்பா?"

அம்மையார் வாழ்நாளில் நடந்த மிகச் சிறந்த ஆற்றுப்படுத்தல், அவர் இல்லாத ஓர் அடுக்களை மேசையில், ஒருத்தி குளித்துக்கொண்டிருந்த வேளையில் நிகழ்ந்திருக்கிறது. அவர் படங்களைப் பிழையாகப் படிக்கவில்லை. துயரம் மெய், அதன் நடை மெய், மஞ்சள் மெய். ஆளைத்தான் மாற்றிப் படித்துவிட்டார். தேறிக்கொண்டிருந்தவரை வீட்டில் விட்டு, அவரைத் தேற்றிக்கொண்டிருந்தவளை ஊர்விட்டு அனுப்பத் தம் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவும் விளங்கியபோது அவர் நெஞ்சில் முதலில் தோன்றியது அச்சிறுமியின் முகமன்று, சனிக்கிழமை. இதை மறைத்துச் சொன்னால் அவர்க்கு நலமாயிருக்கும், மெய்க்கு ஆகாது. இரண்டாவதாகத்தான் முகம் தோன்றியது. தோன்றியதும் அது அகலவில்லை.

நிலையத் தலைவரிடம் ஓடினார்.

"வரைஞ்சது யாருங்கிறதெல்லாம் சின்ன விஷயம் மேடம்" என்றார் அவர். "வட்டம் நாலாவது முகத்துக்கு வந்திருக்கு இல்ல?"

"வட்டம் போட்டது யாருன்னு இப்பதான் அவகிட்ட கேட்டேன் சார். அவ அத்தையாம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, சனிக்கிழமை பேசிடுங்க. திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிக்கலாம்."

"திங்கட்கிழமை அவ கிளம்பறா."

"அப்போ செவ்வாய்க்கிழமை சொல்லுங்க. உண்மை எங்க ஓடிப்போகப் போகுது?"

மறுநாள் காலை அம்மையார் ரொட்டியைத் தொடாமல் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "ஆக, நான் சொன்ன ஒரு விஷயம் இந்த வீட்டுல சரியா இருந்திருக்கு. தேதி குறிச்சு வெச்சுக்கட்டுமா?" என்றார்.

"குத்திக் காட்டாதீங்க. சனிக்கிழமை நான் எந்த முகத்தோட போய் நிப்பேன்?"

"ஒருத்தருக்குப் பவர் மாத்திக் குடுத்துட்டேன்னு வை. கடைக்குப் பேர் கெட்டுடும்னு நான் வாயை மூடிக்கிட்டா அவர் என்ன ஆவார்? படின்னு நெனச்சுப் பள்ளத்துல கால் வைப்பார். நானே அவர் வீட்டுக்குப் போய், 'குடுங்க ஐயா, தப்பு என்னோடது'ன்னு வாங்கிட்டு வருவேன். ரெண்டு திட்டு விழும். காதுல வாங்கிக்கணும், அவ்வளவுதான். உனக்குத்தான் காது பெருசுன்னு புத்தகமே போட்டிருக்கியே."

அன்று மாலை அம்மையார் தச்சரின் வீட்டு மூன்று மாடியையும் ஏறினார். கூடத்தின் நடுவே ஒரு மரப்பெட்டி. மூலைக்கு மூலை பல்லோடு பல் பொருந்த இழைத்த வேலை. ஓர் ஆணி கிடையாது. மகளை அனுப்ப வேண்டாம் என்று சொல்ல வாயில்லாத தந்தை, அவள் போவதற்குப் பெட்டி செய்து வைத்திருந்தார். அத்தை அதற்குள் காலுறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் விடுதி எண் தைத்திருந்தது: நாற்பத்தேழு.

"வாங்க மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க. இது மூட மாட்டேங்குது. கொஞ்சம் இது மேல உக்காருங்க."

மறுக்கத் தெரியாமல் அம்மையார் பெட்டியின்மேல் அமர்ந்தார். அத்தை குனிந்து தாழ்ப்பாளைப் போராடிப் பூட்டிக்கொண்டிருந்தபோது, அமர்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"நான் குடுத்த பேப்பர் தப்பு. திருப்பி வாங்கிக்க வந்திருக்கேன்."

அத்தை நிமிர்ந்தார். "என்ன சொல்றீங்க?"

"அந்தப் படம் எல்லாம் வரைஞ்சது உங்க தம்பி. நான் பாத்தது அவர் மனசை. இவளை நான் பாக்கவே இல்ல."

"மூணு மாசம் பாத்துட்டு, யாரைப் பாத்தோம்னே தெரியலையா? முதல்ல ஒரு நல்ல கண்ணாடியா வாங்கிப் போடுங்க மேடம்."

"வீட்டுக்காரர் கண்ணாடிக் கடைதான் வெச்சிருக்கார்."

"அது வேறயா!" அத்தை கையை உதறினார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "ஏண்டா, நெஜமா? எப்போடா வரைஞ்ச?"

தச்சர் தரையைப் பார்த்தார். ரேடியோதான் பேசினாள். "நீங்க குளிக்கும்போது அத்தை. அம்மாவைப் பத்திப் பேசிக்கிட்டே வரைவோம்."

அத்தையின் முகம் வேறுபட்டது. ஆயினும் குரல் இறங்கவில்லை. "வாயைத் தொறடா. இன்னைக்காவது தொற. இவ போகணுமா, வேணாமா?"

"வேணாம் அக்கா."

"அப்போ பெட்டி எதுக்குடா செஞ்ச?"

"நீ செய்யச் சொன்னே."

அம்மையார்க்குச் சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வந்தன. இரண்டுக்கும் விதியில் இடமிருந்தும் அடக்கிக்கொண்டார். தச்சர் மேலும் சொன்னார், பலகையை அளப்பவர்போல் ஒவ்வொரு சொல்லாக வைத்து: "இவ போயிட்டா, அவ பேரை இந்த வீட்டுல சொல்ல எனக்கு ஆளில்ல அக்கா. தனியா உக்காந்து சொன்னா, எனக்கே பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு தோணும்." சொல்லிவிட்டு, மனைவியின் பெயரை ஒருமுறை உரக்கச் சொன்னார்.

அத்தை பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். "நான் மட்டும் என்னடா? ஒரு மணி நேரம் யாராவது குளிப்பாங்களா? குழாயைத் தொறந்து விட்டுட்டு உள்ள என்ன பண்றேன்னு நெனச்சே? எனக்கும் அவ கூடப்பொறந்தவ மாதிரி இல்லையா? நான் வெளியில அழுதா நீங்க ரெண்டு பேரும் உடைஞ்சு போயிடுவீங்கன்னு..." என்றவர் முடிக்கவில்லை.

அங்ஙனம் ஒரே வீட்டில் மூவர், ஒருவரையொருவர் காக்க வேண்டி ஒருவர்க்கொருவர் மறைத்து அழுதிருக்கிறார்கள். மூவரில் ஒருவரையும் காணாத பட்டதாரி பெட்டியின்மேல் வீற்றிருந்தார். அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை, குறிப்பேட்டையும் எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். அத்தை அழுது ஓய அரைமணிக்கு மேலாயிற்று. ரேடியோ அவர் மடியில் தலைவைத்து, 'அம்மாவும் நீங்களும் சண்டை போட்டீங்களே, அதைச் சொல்லுங்க அத்தை' என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

முகத்தைத் துடைத்ததும் அத்தைக்குப் பழைய நாக்கு திரும்பிற்று. "எல்லாம் சரி. இவளுக்கு யாருடா தலை பின்னுவா?"

"கத்துக்கறேன். மூணு கயிறுதானே."

"அது கயிறு இல்லடா, முடி. இழைப்புளி போட்டு இழைச்சிடாதே. இன்னும் ஒரு மாசம் இருந்து சொல்லிக் குடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் அங்க ஒருத்தர் கொக்கரிக்கட்டும்."

சான்றிதழைத் திரும்பப் பெறும் கடிதத்தை அம்மையார் அப்பெட்டியின்மேலேயே வைத்து எழுதினார். 'முழுமையாக' என்ற சொல்லை இம்முறையும் சேர்த்தார்: 'முழுமையாக என் பிழை.'

சனிக்கிழமை கருத்தரங்கில் அவர் பழைய உடையிலேயே ஏறி நின்றார். பன்னிரண்டு படங்களும் திரையில் வந்தன, அவையோர் பெருமூச்செறிந்தார்கள், இருவர் கண்ணைத் துடைத்தார்கள். கடைசிப் படத்தை நிறுத்திவிட்டு, "இதை வரைஞ்சவருக்கு வயசு நாற்பத்தொண்ணு" என்றார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், சான்றிதழ் உட்பட, அலமாரி உட்பட. எள்ளுவார்கள், எழுந்து போவார்கள், பட்டத்தைப் பறிப்பார்கள் என்று அவர் காத்திருந்தார்.

அதனினும் கொடியது நிகழ்ந்தது. கைதட்டினார்கள். இது புதுமுறை என்றார்கள். முன்வரிசையிலிருந்த ஒருவர், "தகப்பனை வரைய விட்டுக் குழந்தையைப் பேச வைக்கிறது... இதை எத்தனை வாரம் செய்யணும்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். "இது முறை இல்லைங்க, தப்பு" என்று அம்மையார் மும்முறை கூறினார். அந்த அடக்கத்தையும் குறித்துக்கொண்டார்கள். அடுத்த திங்களில் நிலையத் தலைவர் 'பெற்றோர் கைவழிச் சிகிச்சை' என்று ஒரு படிவம் அச்சிட்டார். அதில் இப்போது பத்து முகங்கள்.

அம்மையாரால் உலகைத் திருத்த முடியவில்லை. தம் சுவரைத் திருத்தினார். மூன்றாம் விதி இருந்த தாளைக் கிழித்தெறிந்தார். வியாழக்கிழமைகளில் மூவரும் உள்ளே வந்து அமர்ந்தார்கள். தாழ்வார நாற்காலி காலியாயிற்று. முதல் வியாழன் ரேடியோ உருண்டை பிடிக்கவில்லை. ஒரு பாதம் செய்தாள். சுண்டுவிரல் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"இது யாரோட காலும்மா?" என்று அம்மையார் கேட்டார். பத்தாண்டில் ஒரு குழந்தையின் கைவேலையைப் பார்த்து 'இது யார்' என்று அவர் கேட்ட முதல் கேள்வி.

"அம்மாவோடது. தினமும் கட்டில் கால்ல இடிச்சுக்குவாங்க. இடிச்சிட்டுக் கட்டிலைத் திட்டுவாங்க" என்று தொடங்கியவள் நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. நடுவே இருமுறை அழுதாள். கட்டிலைச் செய்த தச்சர், அதன் காலை அரை விரற்கடை உள்ளே தள்ளிப் பொருத்தியிருக்கலாம் என்று சொல்லி அவரும் அழுதார்.

பட்டம் பெற்றார் பலர். பிறர் கூடத்தில் நின்று தம் பிழையைத் தாமே உரைத்தார் சிலர். அச்சிலருள் ஒருவராகிய களிமண் அம்மையாரும், அவர்தம் கொழுநராகிய கண்ணாடிக்காரரும் வாழும் அச்சிறு மனையை எல்லாம் வல்ல இறைவன் காக்க. அங்கே காலைத் தேநீர் ஆறுமுன் கருத்து வேறுபாடுகள் ஆறுக. 'தவறினேன்' என்று சொல்ல எழும் நாவும், அதைக் கேட்டு ஒருமுறைக்கு மேல் குத்திக்காட்டாத நாவும் அங்கே ஒருங்கே தழைக்க. அவ்வாசலை மிதிக்கும் எக்குழந்தையும் கலங்கிய கண்ணோடு வந்து தெளிந்த கண்ணோடு மீள்க. அம்மனை நீடு வாழ்க.